அலையில்லா ஊரில் அரசியார் உறங்கிய செய்தி

நலம் சூழ்க. உப்பும் முத்தும் ஒரே கரையில் விளையும் நெடுங்கழி நாட்டை ஆள்பவரும், வெண்சங்கக் கொடியும் புன்னை மாலையும் உரிமையாகக் கொண்டவரும், கலம் கவிழ்ந்தோர்க்குக் கரையாகவும் கரை சேர்ந்தோர்க்குத் தாயாகவும் நிற்பவருமான பெருமாதேவி ஆழிநங்கையார் திருமுன்பு, செவ்வரை நாட்டுத் தலைமை அமைச்சன் நெடுங்குன்றத்துச் சாத்தையன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரின் துறைகளில் கலங்களும் கழிகளில் மீனும் நிறைக. தேவியாரின் சொல் கடலளவு செல்க. இங்கே எம் மன்னர் குன்றக்கோ வேங்கைநம்பியார் நலம். மழை பொய்க்கவில்லை, தினை கதிர் பிடித்திருக்கிறது, தேனுக்கும் குறைவில்லை. தேவியாரின் திருமகளாரும் எம் அரசியாருமாகிய புன்னைநங்கையார் நலம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேவியார் எளிதில் நம்பமாட்டார் என்பதை இவ்வமைச்சன் அறிவான். ஆகையால்தான் ஓர் ஏட்டில் முடிய வேண்டிய மறுமொழி ஒரு கட்டாகப் பருத்துவிட்டது. வாசிப்பவர் தொண்டை நனைத்துக்கொண்டு தொடர்வாராக.

ஆனித் திங்களில் தேவியார் எங்களுக்கு விடுத்த ஓலையில் சொற்கள் சில, சூடு அதிகம். மகளின் முகம் வாடிக் கிடப்பதாக உப்பு வணிகர் வந்து சொல்லக் கேட்டதாகவும், ஆவணி பிறக்குமுன் அம்முகம் தெளியாவிட்டால் தாம் அனுப்பும் பல்லக்கில் அவரை ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்றும், பெண்ணைக் கொடுத்தோமே தவிர அவள் கண்ணீரைக் கொடுக்கவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. மண உடன்படிக்கையில் தாய்வீட்டுக்கு அவ்வுரிமை உண்டு. அதை எழுதிக் கையொப்பமிட்டவன் இவ்வமைச்சனே. அன்று அது வெறும் சடங்கு என்று நினைத்தான். பல்லக்கில் மகள் ஏறிவிட்டால் மணமும் அத்துடன் முடியும், எம் மன்னரின் வாழ்வும் பாதியில் நிற்கும். மணம் முறிந்தால் எங்கள் மலைக்கு உப்பு வரும் வழி என்னாகும் என்பதைப் பற்றி அவ்வோலையில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் எங்களுக்குப் புரியாமல் இல்லை.

அரசியாரின் முகம் வாடியது மெய். அதை மறைத்து எழுதினால் இவ்வமைச்சனின் எழுத்தாணி ஒடிந்து போகட்டும். மாசித் திங்களில் மணமாகி மலையேறி வந்தவர் பங்குனி முழுதும் சரியாக உண்ணவில்லை, உறங்கவில்லை. மன்னர் மீது குறையா என்றால் இல்லை. அவர் உள்ளே வந்தால் எழுந்து புன்னகை செய்வார். அந்தப் புன்னகை வாசல்வரை வந்து அப்படியே நின்றுவிடும். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்பார். ஒருநாள் மட்டும் வேறு விடை சொன்னார். திருத்தி எழுதினால் அதன் உயிர் போய்விடும் என்பதால், அவர் வாய்மொழியை அப்படியே இங்கு வைக்கிறான் இவ்வமைச்சன்.

“எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியலீங்க. வயிறு நெறஞ்சிருக்கு, காதுதான் பசிக்குது.”

அச்சொல்லை அன்றே நாங்கள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை. காரணம் எங்கள் நாட்டு வழக்கம். தேவியார் சினவாமல் கேட்டருள்க.

செவ்வரை நாட்டார் வேட்டுவர் வழி வந்தவர். புதருக்குள் பதுங்கிய விலங்கு ஆளரவம் கேட்டால் இன்னும் ஆழத்துக்குப் போகும், அசையாமல் இருந்தால் தானே வெளியே வந்து தன் வழியே போய்விடும் என்பது எங்களுக்குப் பால்குடிக்கும் பருவத்திலேயே தெரியும். மனத்துயரையும் நாங்கள் அப்படியே எண்ணுகிறோம். ஒருவர் துயருற்றால் அவரைச் சுற்றி ஒலியடக்கம் செய்வோம். அடுத்த வீட்டார் உலக்கையை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போய்த் தினை குத்துவர். ஆட்டுமணிக்குள் பஞ்சடைப்பர். அன்பு எவ்வளவு பெரிதோ அமைதி அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அரசியாகிய ஒருவர் துயருற்றால் அடக்கம் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தேவியாரே கருதிப் பார்க்கலாம்.

கோட்டை மணியின் நாவில் பட்டுத்துணி சுற்றினோம். கதவுக் கீல்களுக்கு நெய்யிட்டோம். சமையற்கூடத்தில் கடுகு தாளிப்பதைக்கூட நிறுத்தினோம். எங்கள் குழம்புகள் சப்பென்று போனதை யாரும் வெளியே சொல்லவில்லை. முற்றத்து அத்திமரத்தில் கூடிய மைனாக்களை விரட்ட ஆள் வைத்தோம். அந்த ஆட்களும் கைதட்டி விரட்டக் கூடாது, வெள்ளைத் துணியை வீசித்தான் விரட்ட வேண்டும். ஒலியடக்கத்தைக் காக்க நாங்கள் அமர்த்திய அடக்கக் காவலர் எல்லாரும் வெறுங்காலுடன் நடந்தார்கள். அவர்களுள் ஒருவருக்குத் தும்மல் வந்தால் மதிலுக்கு வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார். நகர மக்கள் தாமாகவே கிசுகிசுக் குரலில் பேசப் பழகினார்கள். சந்தையில் பேரம்கூடச் சைகையில் நடந்தது. எங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை, தேவியாரே.

பிறந்த நாள் முதல் ஒரு நொடிகூட ஓயாத அலையோசையில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும்! அவர் பிற்பாடு சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். படுத்தால் தம் நெஞ்சு துடிப்பது தமக்கே கேட்குமாம். அது நின்றுவிடுமோ என்று காத்துக்கொண்டே கிடப்பாராம். அதை எண்ணும்போது இவ்வமைச்சனுக்கு இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

சித்திரையில் அடக்கத்தை விட்டோம். விட்டவர்கள் நடுவில் நிற்கவில்லை, நேரே மறுகரைக்குத் தாவினோம். அவைக்கள இசையாசிரியர் முழவனாரை மன்னர் அழைத்து, அரசியாரின் மனம் மகிழ என்ன வேண்டுமோ செய்க என்றார். முழவனார் நல்லவர், கற்றவர். ஆனால் மெல்ல என்ற சொல்லை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. துயர்ச் சுவை கொண்ட பண் எதுவும் அரண்மனையில் ஒலிக்கக் கூடாது, களிப்புப் பண்களே ஒலிக்க வேண்டும் என்று ஆணையிட்டுக் காலை முதல் கொம்பும் பறையும் குழலுமாக முழக்கினார். வாழ்த்துப் பாட்டு முடிந்தால் விளையாட்டுப் பாட்டு, அது முடிந்தால் மணப்பாட்டு. அரசியார் மரியாதையாக அமர்ந்து கேட்பார், கைகளைக் கூப்புவார், அறைக்குத் திரும்பித் தலையணையால் காதுகளை மூடிக்கொள்வார். ஒருநாள் இவ்வமைச்சனைக் கூப்பிட்டு, முழவனாரின் மனம் நோகாதபடி அவருக்கு ஓய்வு கொடுக்க வழியுண்டா என்று கேட்டார். முழவனாருக்குத் தெரியாமலிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பண்பு தேவியாரின் வளர்ப்பு.

இதற்கிடையே எம் மன்னருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அரசியாரின் காது பசிப்பது கடலோசைக்குத்தான் என்று அவர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது பாதி சரி. உடனே தச்சரை அழைத்து நீண்ட மரக்குழல் ஒன்றைக் கடைந்தெடுக்கச் செய்து, அதற்குள் மணலும் கூழாங்கல்லும் இட்டு, இரு புறமும் அடைத்து, அரசியாரின் சாளரத்துக்கு மேலுள்ள மொட்டை மாடியில் அதை முன்னும் பின்னும் சாய்த்தால் அலையோசை வரும் என்று முடிவு செய்தார். பிறர் கையில் கொடுக்க அவருக்கு மனமில்லை. ஒரு மாலை முழுதும் வியர்வை ஒழுக அவரே அதைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கீழே அது எப்படிக் கேட்டது என்பதைச் சொல்வதா வேண்டாமா என்று இவ்வமைச்சன் நெடுநேரம் தயங்கினான். கிழட்டு யானைக்கு வயிற்றோட்டம் கண்டதுபோல் கேட்டது.

அரசியார் மாடிப்படி ஏறி வந்து பார்த்தார். இடுப்பில் துண்டை வரிந்து கட்டி, மூச்சிரைக்க, மரக்குழலோடு மல்லுக்கட்டும் குன்றக்கோவைக் கண்டார். சிரித்தார். வந்த நாளிலிருந்து நாங்கள் கேட்டறியாத சிரிப்பு அது. படியின் கீழே நின்ற காவலர் ஒருவரையொருவர் பார்த்துக் கண் துடைத்தனர். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அரசியார் அங்கேயே உட்கார்ந்து அழுதார். இவ்வளவு நல்லவர்கள் நடுவில் இருந்துகொண்டு நலமாக இருக்கத் தெரியவில்லையே என்று அழுததாக மன்னர் பிறகு சொன்னார். அன்று இரவும் அவர் உறங்கவில்லை. அந்த நிலையில்தான் தேவியாரின் ஓலை வந்தது.

ஓலையை மன்னர் அவையில் வாசிக்கக் கேட்டார். வாசித்து முடிந்ததும் எழுந்து உள்ளே போனார். அவருக்கே தம் மீது நம்பிக்கை போயிருந்தது என்பதை இவ்வமைச்சன் கண்டான். அச்சம் கொண்டான்.

பிறகு மழை வந்தது.

ஆடி மாதத்து மழையை எங்கள் மலையில் கண்டவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை, காணாதவர்க்குச் சொல்லிப் பயனில்லை. முதல் நாள் பிற்பகலில் மேற்கு முகடு கறுத்து, காற்று தேக்கிலைகளையெல்லாம் புரட்டிப் போட்டு, ஒரே பாய்ச்சலாக இறங்கியது. மழைக்கு ஆணையிட யாராலும் ஆகாது. முழவனாரின் கொம்புகள் அந்த இரைச்சலில் கரைந்து போயின. கோடையில் வற்றிக் கிடந்த கல்லாறு கோட்டைக்குப் பின்னால் பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஓட்டுக் கூரையில் ஓர் ஒலி, தேக்கிலையில் ஓர் ஒலி, முற்றத்துக் கல்தளத்தில் ஓர் ஒலி என்று வீடே பேசத் தொடங்கியது. மாலை விளக்கேற்றும் வேளையில் தோழியர் அரசியாரின் அறைக்குள் எட்டிப் பார்த்தால், அவர் சாளரத்தின் அடியில் பாயில்லாத வெறுந்தரையில் கன்னத்துக்குக் கை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மீண்டும் தவறு செய்தார்கள். பழக்கம் எலும்பில் ஊறியது அல்லவா? மழை ஓய்ந்து தூறலானதும் கோட்டைக் குளத்தில் தவளைகள் தொண்டையைத் திறந்தன. அரசியார் உறங்குகிறார், தவளைகள் எழுப்பிவிடப் போகின்றன என்று பழைய அடக்கக் காவலர் பதறி, ஆளுக்கொரு கோலுடன் குளத்தைச் சூழ்ந்துகொண்டு நீரை அடித்தார்கள். தவளைகள் சட்டென்று வாய் மூடின. அந்த அமைதி வந்த அதே கணத்தில் அரசியார் விழித்துக்கொண்டார். கூந்தல் அவிழ, ஈரப் படிகளில் கால் வழுக்க, குளக்கரைக்கு ஓடி வந்து நின்று இந்நாட்டில் தம் முதல் ஆணையை இட்டார்.

“அடிக்காதீங்க! அதுகள விடுங்க! இப்பத்தான் கண்ணு சொருகிச்சு, அதுக்குள்ள ஏன்யா அதுக வாய அடைச்சீங்க?”

காவலரின் கைகளிலிருந்து கோல்கள் விழுந்தன. திட்டு வாங்கியதற்காக யாரும் வருந்தவில்லை. ஐந்து மாதமாகக் கேளாத குரலை, அதுவும் உரத்த குரலை, கேட்ட மகிழ்ச்சியில் அவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். பிறகு எல்லாரும் குளக்கரையிலேயே அசையாமல் நின்றோம். வேட்டுவர் வழி வந்த எங்களுக்கு அதுவாவது தெரியும். முதலில் ஒரு தவளை மட்டும் சற்றுக் கூச்சத்தோடு குரல் கொடுத்தது. மற்றவை சேர்ந்துகொண்டன. அரசியார் அறைக்குத் திரும்பிப் போய்ப் பொழுது விடிந்து வெயில் ஏறும்வரை உறங்கினார்.

தவளைக்குரல் கடலோசை போலவா இருக்கிறது என்று மன்னர் வியந்து கேட்டாராம். அதற்கு அரசியார் சொன்ன விடையை எங்கள் அவையில் இன்றளவும் பேசிக்கொள்கிறோம்.

“கடல் மாதிரி இல்லீங்க. கடல் மாதிரி இருக்கவும் வேணாம். நான் கண்ண மூடிக்கிட்டாலும் வெளிய எல்லாம் அதது பாட்டுக்கு நடக்குதுன்னு காது சொல்லணும். அப்பத்தான் நான் காவல் இருக்க வேண்டியதில்லன்னு தூக்கம் வரும்.”

அன்று தொடங்கி மணிகளின் நாவிலிருந்து பட்டு இறங்கியது. ஆட்டுமணிகளின் பஞ்சைப் பிடுங்கி எறிந்தோம். கடுகும் எண்ணெயில் வெடிக்கத் தொடங்கியது. இதற்காக எம் நாட்டார் அனைவரும் அரசியாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயினும் உறக்கம் வந்ததே தவிர, உள்ளே இருந்த பாரம் முழுதும் இறங்கவில்லை. அது இறங்கிய விதம் இவ்வமைச்சன் கனவிலும் கருதாதது.

ஆடி நடுவில் மழை விட்ட ஒரு காலையில், கோட்டைக்குக் கீழுள்ள சரிவில் பெண்கள் தினைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தபடியே பாடினார்கள். தேனெடுக்கப் போன கணவன் கயிறறுந்து மாண்டதைச் சொல்லி ஒருத்தி மலையோடு வாதிடும் பாட்டு அது. வாடையில் இலை அசைவதுபோல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். முழவனாரின் ஆணைப்படி அரண்மனைக்குள் நுழையக் கூடாத பாட்டு. ஈரக்காற்று அதை மேலே கொண்டு வந்தது. அரசியார் மதிலோரம் நின்று கேட்டார். பிறகு அப்பெண்களை மேலே அழைத்து வரச் சொன்னார்.

முழவனார் ஓடி வந்து குறுக்கே நின்றார். துயருற்றவர் முன் துயரப் பாட்டைப் பாடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும் என்றும், தாம் ஆசிரியப் பட்டத்தைத் துறந்தாலும் துறப்பாரே தவிர இதற்கு உடன்படமாட்டார் என்றும் அவையறிய முழங்கினார். அரசியார் அவரைத் தம் பக்கத்திலேயே அமரச் செய்தார். பாடச் சொன்னார். சேற்றுக் காலோடு நின்ற பெண்கள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு ஒருத்தியின் தோளை ஒருத்தி பற்றிக்கொண்டு பாடினார்கள்.

கயிறறுந்த மலையோரம் காத்திருக்கேன், தேனுக்கில்ல;
கால்தடத்த மழ கரைக்க நான் கரைஞ்சேன், நீ வரல.

அரசியார் அழுதார். மாடியில் அழுததுபோல் ஒளித்து அழவில்லை, முந்தானையால் மறைக்கவுமில்லை. பாட்டு முடியும்வரை அழுது, முடிந்ததும் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றார். பாடிய பெண்களோடு வரிசையில் அமர்ந்து தினைச்சோறும் கீரைக் கடைசலும் உண்டார். மறுசோறும் கேட்டு வாங்கினார். அடுக்களையில் செய்தி பரவியபோது அங்கே எழுந்த ஆரவாரத்தைத் தேவியார் கேட்டிருக்க வேண்டும்.

முழவனாரும் அழுதார். அடுப்புப் புகை என்றார். அங்கே அடுப்பில்லை.

காரணம் கேட்ட மன்னரிடம் அரசியார் கூறியது இது: “கொம்பும் பறையும் என்னப் பாத்து, ஏன் சிரிக்க மாட்டேங்குறன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு. இந்தப் பாட்டு ஒண்ணுமே கேக்கல. பக்கத்துல வந்து உக்காந்துக்கிச்சு. எனக்காக அதுவே பாதி அழுதுச்சு, மீதி பாதிதான் எனக்கு மிஞ்சுச்சு.”

இதன் பொருளைப் பற்றி எங்கள் அவையில் மருத்துவரும் புலவரும் நெடுநேரம் வாதிட்டனர். வழக்கம்போல் முடிவுக்கு வரவில்லை. இவ்வமைச்சன் அறிந்தது கொஞ்சமே. மகிழ்ச்சிப் பாட்டு விருந்தாளியைப் போன்றது, அதை உபசரிக்க நம்மிடம் தெம்பு வேண்டும். துயரப் பாட்டோ வீட்டு ஆள், நாம் கிடக்கிற கிடையிலேயே வந்து பார்த்துக்கொள்ளும். அரசியார் தெம்பு வந்த பிறகு முழவனாரின் களிப்புப் பண்களையும் தாமே கேட்டு வாங்கித் தாளம் போட்டார். முழவனார் இப்போது மெல்லவும் வாசிக்கிறார். அரசியார் அவைக்கள யாழை மீட்டினால் கூடவே முழவு தட்டுகிறார். கல்லாற்றங்கரையில் மாலைதோறும் மன்னரும் அரசியாரும் நடக்கிறார்கள். மன்னரின் மரக்குழல் கோழிகள் அடையும் கம்பாகிவிட்டது.

இவ்வாறு எல்லாம் தெளிந்து வரும்போது, தேவியார் அனுப்பிய பல்லக்கு ஆவணி முதல் நாள் எங்கள் வாயிலில் வந்து இறங்கியது.

முகம் தெளிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமே என்று தேவியார் கருதலாம். அப்படி நடக்கவில்லை. தாய்வீட்டுச் சங்கக்கொடி கட்டிய பல்லக்கைக் கண்டதும் அரசியாரின் முகம் மாறியது. ஓடிப்போய் அதன் திரைச்சீலையை முகத்தில் ஒற்றிக்கொண்டார். அதில் உப்புக்காற்றின் மணம் இருந்தது போலும். அம்மா, அம்மா என்று இருமுறை சொன்னார். எம் மன்னர் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தார். மெல்ல அருகில் வந்து சொன்னார்.

“போவணும்னு மனசு சொல்லுச்சுன்னா போ, நங்கை. கையப் புடிச்சு நிறுத்த மாட்டேன். நல்லாத் தூங்குற இடம் எதுவோ அதுதான் உன் வீடு.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலையையே பெயர்ப்பேன் என்று சூளுரைக்கும் குலத்தில் பிறந்தவர், மனைவியின் உறக்கத்துக்காக அவரை இழக்கவும் துணிந்தார் என்பதைத் தேவியார் மனத்தில் கொள்க.

அரசியார் பல்லக்குக்குத் தலைவனாக வந்த துறையனைத் தேடினார். அரண்மனைக் கழியில் படகோட்டிப் பாடும் குழுவின் தலைவன் துறையன், அரசியார் தொட்டிலில் கிடந்தபோதே அவன் குரலில் கண்ணுறங்கியவர். அம்மா எப்படி இருக்கிறார், அந்தியில் படகுகள் திரும்பும்போது இன்னமும் மாடத்தில் வந்து நிற்கிறாரா, நீ இன்னமும் அந்தப் பாட்டைத்தான் பாடுகிறாயா என்று அடுக்கிக் கேட்டார். துறையன் தலையைக் குனிந்துகொண்டான். அரசியார் விடவில்லை.

“கேக்காதீங்க தாயி. நீங்க கெளம்பின மறுநாளே கடல் பாத்த சன்னல் அத்தனையும் சாத்திட்டாங்க. கழியில யாரும் பாடப்படாதுன்னு ஆணை. உங்க யாழ உறையில போட்டு உள்ள வச்சாச்சு. வளத்த கிளியக்கூடக் குடுத்துட்டாங்க, அது உங்க பேரச் சொல்லிச்சாம். பாட்டுக்காரன் நான், வாய் சும்மாத்தான கெடக்குன்னு பல்லக்குத் தூக்க வந்துட்டேன்.”

தேவியாரே, பொறுத்தருள்க. துறையனை யாரும் தூண்டவில்லை. பெற்ற மகள் கேட்டார், அவன் பொய் சொல்ல முடியாமல் சொன்னான்.

அரசியார் கல்லாற்றங்கரைக்குப் போனார். மன்னரும் இவ்வமைச்சனும் தொலைவிலேயே நின்றோம். அவர் ஒரு பாறையில் அமர்ந்து நீரோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் சாயும் பொழுதில் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் நடையில் தடுமாற்றம் இல்லை. தம்முடைய தாயாரும் இத்தனை மாதங்கள் ஒலியடக்கத்தில் இருந்திருக்கிறார் என்றும், செவ்வரை நாட்டார் பிறர்மேல் கொண்ட அன்பினால் அப்பிழையைச் செய்தார்கள் என்றும், தாயார் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டார் என்றும் கூறினார். வாடியது என் முகம் மட்டும் இல்லை என்றார். பிறகு மன்னரைப் பார்த்து, “நான் தூங்குற எடம் இதுதாங்க. ஆனா எங்கம்மா தூங்கணும்” என்றார். மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கமாட்டேன் என்று காலையில் சொன்னதை அவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

ஆகவே தேவியாரின் ஓலைக்கு எங்கள் மறுமொழி: அரசியார் பல்லக்கில் வரவில்லை. இங்கேயே இருக்கிறார், மனநிறைவோடு இருக்கிறார். இவ்வளவும் அமைச்சன் எழுதியது. இனி வருவது செவ்வரை நாட்டு அரசி புன்னைநங்கையார் தம் வாயால் சொல்லச் சொல்ல, அமைச்சன் ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் பொறித்தது.

நெடுங்கழி நாட்டு அரசியார்க்குச் செவ்வரை நாட்டு அரசி விடுக்கும் ஆணை. ஒரு நாட்டின் அரசி மற்றொரு நாட்டின் அரசிக்கு ஆணையிடலாகாது என்பதை அறிவேன். மகள் தாய்க்கு இடலாம். அம்மா, என் பெயரைச் சொல்லும் எல்லாவற்றையும் விரட்டிவிட்டு நீங்கள் எப்படி உறங்குவீர்கள்? பாட்டுக் கேட்டால் அழுகை வரும் என்றுதானே நிறுத்தினீர்கள்? வரட்டும். நான் அழுது பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை, பிறகு நன்றாகப் பசித்தது. துறையனிடம் நான் ஒரு பணி கொடுத்திருக்கிறேன். இவ்வோலையை உங்கள் அவையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் கழிக்குப் போய்ப் படகில் ஏறியிருப்பான். உங்கள் ஆணையை அவன் மீறவில்லை, என் ஆணையை நிறைவேற்றுகிறான். தண்டனை உண்டென்றால் அது எனக்கு. என்னைத் தண்டிக்க நீங்கள் இங்கே வர வேண்டும். தினை அறுவடைக்குள் வாருங்கள். எனக்கு அனுப்பிய பல்லக்கு இப்போது உங்களுக்காக உங்கள் வாயிலில் நிற்கிறது.

ஓலை வாசிப்பவர் இவ்விடத்தில் நிறுத்துக. எழுந்து சென்று, கடலைப் பார்த்த சாளரங்களைத் திறந்துவிடுக. பாட்டு முடியும்வரை எஞ்சியதை வாசிக்க வேண்டா.

இவ்வாணைக்குச் சான்றாகச் செவ்வரை நாட்டு வேங்கை முத்திரையும், அதன் அருகே அரசியார் தம் கையால் முதன்முதலாக இட்ட புன்னைமலர் முத்திரையும் பொறிக்கப்பட்டன. கோலோச்சுவோர் நன்றாக உறங்குக. அவர்தம் குடிகள் உரக்கப் பேசுக. எழுதியவன் நெடுங்குன்றத்துச் சாத்தையன்.

அம்மா, அழுது முடித்தீர்களா? சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.